ஜமாஅத்தில் பெண்ணுக்கு இடம் எங்கே?

(தர்மபுரி ஜில்லாக் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



முஸ்லிம் பெண்களின் உரிமையைப்பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், இந்துத் தோழர்கள் சிலருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டாகலாம். அது வேண்டாம். "பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள்" என்று சர்க்கார் சேலத்தில் 1992-லும், நம் தர்மபுரியில் 2001-லும் தொட்டில் வைத்ததே, அது யாருடைய யோக்கியதைக்கு அத்தாட்சி? பெண் சிசுவைப் புதைப்பதைக் குர்ஆன் அன்றே கண்டித்திருக்கிறது. மகன் பங்கில் பாதியாவது மகளுக்கு உண்டு என்றும் சொல்லியிருக்கிறது. நம் இந்துப் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு 1989-ல்தான் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. அதிலும் அதற்குமுன் மணமாகிப் போனவர்களுக்கு அந்தச் சமபங்கு 2005 வரை இல்லாதிருந்தது.

சரி, புத்தகத்தில் இருப்பது பெண்ணின் கைக்கு வருகிறதா? இதைத்தான் புதுக்கோட்டை தாவூத் ஷரீபா கானம் அம்மையார் கேட்டார். தலாக், மஹர், ஜீவனாம்ச வழக்குகளை ஜமாஅத் தீர்க்கிறது. ஜமாஅத் கூடுவதோ பள்ளிவாசலில். புருஷன் உள்ளே உட்கார்ந்து தன் கட்சியைப் பேசுகிறான். பெண்ஜாதி வெளியே நிற்கிறாள். தீர்ப்பு மாத்திரம் அவள் தலையில் வந்து விழுகிறது! ஆகவே அம்மையார் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத் கண்டார். பெண்களுக்கென்று பள்ளிவாசலும் வேண்டுமென்றார்.

இவ்விஷயத்தில் அபிப்பிராயங்கள் பல. குர்ஆன் கொடுத்த உரிமையை ஆண்களின் வியாக்கியானம் பறித்தது என்கிறார்கள் சில அம்மையார்கள். ஷரியத்தில் கோர்ட்டு கைவைக்கலாகாது என்கிறார்கள் மௌலவிகள் பலர். இந்தூர் ஷா பானு அம்மாளுக்கு மாதம் 179 ரூபாய் 20 பைசா ஜீவனாம்சத்தை 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தபோது எழுந்த கூச்சலுக்குப் பயந்து, சர்க்கார் 1986-ல் வேறு சட்டம் செய்தது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கு 2017-ல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. 2019-ல் அதற்கு மூன்று வருஷம் வரை ஜெயில் என்று சட்டம் வந்தது. "அவன் ஜெயிலுக்குப் போனால் எனக்குச் சோறு யார் போடுவது?" என்று கேட்கிற முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி.

நம் அபிப்பிராயம் என்ன? எந்த வேதமும் பெண்ணுக்கு உரிமையைப் பிச்சையாகப் போட வேண்டியதில்லை. ஒரே தகப்பனுக்குப் பிறந்த இருவரில் ஒருத்திக்குப் பாதி என்பதை அறிவு ஒப்பாது. ஆனாலும், "குர்ஆனை விட்டுவிட்டு வா, பிறகு உனக்காகப் பேசுகிறேன்" என்று அப்பெண்களிடம் சொல்வது முட்டாள்தனம். அடிபடுகிறவள் கையில் அகப்பட்ட தடியைத்தான் எடுப்பாள். தடி எந்த மரத்தில் வெட்டியது என்று நாம் விசாரித்துக்கொண்டு நிற்பதா?

ஆகவே தோழர்களே, ஜமாஅத்தானாலும் சரி, நம் ஜாதிப் பஞ்சாயத்தானாலும் சரி, ஒரு பெண்ணின் வாழ்வைப்பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடினால், "அந்தப் பெண் எங்கே? அவளுக்கு உட்கார இடம் எங்கே?" என்று கேளுங்கள். இடமில்லை என்றால், அந்தத் தீர்ப்பை ஒப்பாதீர்கள்.