கோப்பு வந்தது, வக்கீல் ஃபீஸ் யார் கொடுப்பது?

அமெரிக்காவில் நாடுகடத்தல் வழக்கில் சிக்கிய ஒருவருக்குத் தன்னைப் பற்றி அரசு வைத்திருக்கும் கோப்பைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாடு. எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் நடைமுறை குடியேற்ற நீதிமன்றங்களில் பெரும்பாலும் கிடையாது. அதனால் வக்கீல்கள் 1966ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி மனுப் போடுகிறார்கள். சாதாரணமாக 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். எங்கே வருகிறது? பாதிக்கப்பட்டோர் அனைவருக்குமாக 2019இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வழக்கு போடப்பட்டது. தேங்கிய மனுக்களை 60 நாட்களில் முடிக்கும்படி 2020 டிசம்பரில் நீதிபதி வில்லியம் ஓரிக் உத்தரவிட்டார்.

இப்படிக் கோர்ட்டுப் படியேறும் செலவு யார் தலையில்?

வென்றாலும் அவரவர் வக்கீலுக்கு அவரவரே பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே பொது விதி. தகவல் வழக்குகளுக்கு 1974இல் ஒரு சட்டத்திருத்தத்தால் விலக்கு வந்தது. அதிபர் ஃபோர்டு அந்தத் திருத்தத்தையே வீட்டோ செய்தும் நாடாளுமன்றமான காங்கிரஸ் விடவில்லை. பெருமளவு வென்ற மனுதாரருக்கு அரசே நியாயமான வக்கீல் கட்டணத்தைத் தரும்படி நீதிபதி உத்தரவிடலாம், கட்டாயமில்லை. பொதுமக்களுக்குப் பயன் உண்டா, மறைத்ததற்குத் தகுந்த காரணம் இருந்ததா என்றெல்லாம் பார்ப்பார்.

வம்பு வேறு இடத்தில் இருந்தது. மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, தீர்ப்புக்குச் சற்று முன் காகிதக் கட்டை நீட்டிவிட்டால்? 2001இல் மேற்கு வர்ஜீனியாவின் பராமரிப்பு இல்லம் ஒன்றின் வழக்கில், எதிராளி தானாகவே வழிக்கு வந்தால் அது வெற்றி ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். தகவல் வழக்குகளிலும் கீழ் நீதிமன்றங்கள் அதையே பிடித்துக்கொண்டன. அரசு அலுவலகங்களுக்குக் கொண்டாட்டம்! 2007இல் காங்கிரஸ் அந்த ஓட்டையை அடைத்தது. அற்பமல்லாத வழக்கைக் கண்டு துறை தன் போக்கை மாற்றிக்கொண்டாலே போதும். கட்டணமும் அந்தத் துறையின் சொந்த ஒதுக்கீட்டிலிருந்தே போக வேண்டும். கடிக்கும் பல் இதுதான்.

காசு வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் பெரிய வழக்குகளைத் தொடுவார் குறைவு. உதாரணமாக, 2010இல் தினக்கூலித் தொழிலாளர் அமைப்பு ஒன்று குடியேற்ற அமலாக்கத் துறை மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. உள்ளூர்ச் சிறையில் எடுக்கும் கைரேகையைக் குடியேற்ற அதிகாரிகளுக்கு அனுப்பும் 'செக்யூர் கம்யூனிட்டீஸ்' திட்டத்திலிருந்து ஊர்கள் விலக முடியுமா என்பதே கேள்வி. வெளிவந்த மின்னஞ்சல்களில் அதிகாரிகள் ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். மனுதாரர் பக்கம் கார்டோசோ சட்டக் கல்லூரியின் சட்ட உதவி மையமும் நின்றது.

கட்டணத்தைக் கணக்கிடும்போது இலவசமாக வாதாடும் அமைப்புக்கும் சந்தை விலைதான்: உழைத்த மணிகளை மணிக்கான கட்டணத்தால் பெருக்குவார்கள், தோற்ற பகுதிக்கான மணிகளைக் கழிப்பதுண்டு. தன் வழக்கைத் தானே நடத்தும் வக்கீலுக்கோ வக்கீல் கட்டணம் கிடையாது.