கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

(பிளஸ் டூ முடித்த மாணவர்கள், பெற்றோருக்கான வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கலந்தாய்வுக்குத் தயாராகும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரட்டும். படியுங்கள், பகிருங்கள்.)

 

இன்ஜினியரிங் படிக்காதீங்கன்னு சொல்ல நான் வரல. 1984-ல் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு இந்த மாநிலம் கதவு திறந்த பிறகு, எத்தனையோ கூலி வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினியர் ஆனாங்க. வீட்டோட தலையெழுத்தே மாறுச்சு. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனா என் அக்கா மகன் கதையையும் சொல்லணும். தரகர் ஒருத்தர் பேச்சை நம்பி, கலந்தாய்வுக்கே போகாம, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தோம். ஒன்றரை ஏக்கர் போச்சு. நாலு வருஷ முடிவுல கையில பதினோரு அரியர். இன்னைக்கு ஒப்பந்தத் தொழிலாளியா மாசம் பதினாலாயிரத்துக்கு வேலை பார்க்கிறான். அவன்மேல தப்பில்ல. கணக்குப் போடாதது நாங்க.

அதனால இன்னைக்கு உங்களோட சேர்ந்து அந்தக் கணக்கைப் போடுறேன். பேனாவை எடுங்க.

2017-ல் கட்டண நிர்ணயக் குழு போட்டபடி, என்.பி.ஏ. தரச்சான்று உள்ள பாடப்பிரிவுக்குத் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம்னா வருஷம் 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீடுன்னா 87,000. நாலு வருஷத்துல வித்தியாசம் மட்டும் 1,28,000. அதே வகுப்பு, அதே வாத்தியார், அதே டிகிரி!

சரி, அரசு ஒதுக்கீடே கிடைச்சிருச்சுன்னு வைங்க. கட்டணம் 2,20,000. ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம், பஸ் எல்லாம் வருஷம் 80,000-ன்னு வச்சா 3,20,000. மொத்தம் 5,40,000. இதுல 5 லட்சம் வங்கிக் கடன், வட்டி 10 சதவீதம்னு வச்சுக்குவோம். படிக்கிற நாலு வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம், தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி தூங்காது. அந்த அஞ்சு வருஷத்துல 1,75,000 ஏறியிருக்கும். பத்து வருஷத் தவணைன்னா மாசம் சுமார் 8,900. கடைசியில 10 லட்சத்து 70 ஆயிரம் கட்டி முடிப்பீங்க.

இப்போ வரவு. பெரிய ஐ.டி. கம்பெனிகளில் புதுசா சேர்றவங்களுக்கு வருஷம் மூன்றரை லட்சம் அளவுதான் ரொம்ப வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. பிடித்தம் போக கையில 25,000 வைங்க. சென்னையில ரூம் வாடகை, சாப்பாடு 12,000. தவணை 8,900. மிச்சம் நாலாயிரம் சொச்சம். அதுவும் அந்த வேலை கிடைச்சாத்தான்! பதினஞ்சாயிரம் சம்பளம்னா தவணையை யார் கட்டுவா? திரும்பவும் அப்பாதான், அம்மா கழுத்துச் செயின்தான்.

அப்போ என்ன பண்ணலாம்?

ஒண்ணு, கலந்தாய்வை விட்டுடாதீங்க. 6-ம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படிச்ச பிள்ளைன்னா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுல இடம் கிடைச்சா கட்டணத்தை அரசே ஏற்கும். வீட்டில் முதல் பட்டதாரின்னா அதுக்கான கட்டணச் சலுகை இருக்கு.

ரெண்டு, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, தவணை ஆரம்பிக்கிற வரைக்கும் ஏறுற வட்டிக்கு மத்திய அரசின் மானியம் இருக்கு. நான் சொன்ன அந்த 1,75,000 அப்படியே குறையும். தரச்சான்று இருக்கான்னு பார்த்து, வங்கியில் முதல் நாளே கேளுங்க.

மூணு, பேனரைப் பார்க்காதீங்க, தேர்ச்சியைப் பாருங்க. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுது. அரியர் வச்சவனுக்குப் பல கம்பெனிகளின் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே இடம் கிடைக்காது.

நாலு, கல்லூரிக்குப் போனா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன வருஷம் எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, நடுவுல இருக்கிற பிள்ளைக்கு என்ன சம்பளம்?" பேனர்ல இருக்கிறது முதல் பிள்ளையோட சம்பளம். உங்க பிள்ளை வாங்கப் போறது பெரும்பாலும் நடுப்பிள்ளையோட சம்பளம். இந்த விவரத்தை ஒவ்வொரு கல்லூரியும் எழுத்துல வெளியிடணும். இதை நாம கோரிக்கையாகவே வைப்போம்.

அஞ்சு, நல்ல கல்லூரி கிடைக்கலையா? அரசு பாலிடெக்னிக் கேவலம் இல்லை. குறைஞ்ச செலவுல மூணு வருஷ டிப்ளமோ. முடிச்சுட்டு வேலைக்குப் போகலாம், இல்லைன்னா நேரடியா பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். படிக்கிற காலம் கொஞ்சம் கூடும். கடன் குறையும்.

தம்பி, தங்கைகளே, உங்க அப்பா எவ்வளவு கடன் வாங்கப் போறார்னு இன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட உட்கார்ந்து கேளுங்க. பெற்றோர்களே, மறைக்காம சொல்லுங்க. "நீ படிப்பைப் பாரு, பணத்தை நான் பார்த்துக்கிறேன்"னு சொல்றது பாசம்தான். ஆனா அந்தக் கடனைக் கட்டப் போறது அந்தப் பிள்ளை. கணக்குத் தெரிஞ்சு படிக்கிற பிள்ளை அரியர் வைக்க யோசிப்பான்.

படிங்க. நல்லாப் படிங்க. நிலத்தை வித்துப் படிக்காதீங்க.