விலை இறங்குன பங்கெல்லாம் மலிவான பங்கு இல்லீங்க! – சத்தியமங்கலம் கூட்டத்தில் ஆற்றிய உரை



மல்லி வித்த காசும் மஞ்சள் வித்த காசும் முன்னெல்லாம் சீட்டுக்கும் நகைக்கும் போகும். இன்னைக்குச் செல்போன் வழியா பங்குச் சந்தைக்கும் போகுது. போகட்டும், தப்பில்லை. ஆனா புளியம்பட்டிச் சந்தையில மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பாக்கறோம். விசாரணையில சிக்கின மின்சாரக் கம்பெனிப் பங்கை மட்டும் "விலை இறங்கிருச்சு"ன்னு பாக்காமலே வாங்கலாமுங்களா?

ஜென்சால் இன்ஜினியரிங். சூரிய மின் நிலையம் அமைக்கிற கம்பெனி. 2024-ல் ஒரு பங்கு 1,100 ரூபாயைத் தாண்டுச்சு. மத்திய அரசு நிறுவனங்களான ஐ.ஆர்.இ.டி.ஏ.வும் பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனும் கொடுத்த கடன் 977.75 கோடி ரூபாய். அதுல 663.89 கோடி, 6,400 மின்சாரக் கார் வாங்க. வாங்கினது 4,704 கார்தான்.

2025 ஏப்ரல் 15-ல் செபியின் இடைக்கால உத்தரவு வந்துச்சு. கடன் பணத்துல ஒரு பகுதி குர்கான் சொகுசு வீட்டுக்குத் திருப்பி விடப்பட்டதாக அது சொல்லுது. கடனை ஒழுங்கா கட்டுறதா கம்பெனி காட்டின கடிதங்களை, "நாங்க கொடுக்கலை"ன்னு கடன் கொடுத்தவங்களே மறுத்துட்டாங்க. ஒரு பங்கைப் பத்தாப் பிரிக்கிற திட்டத்தையும் செபி நிறுத்துச்சு. அதுக்குள்ள விலை 130 பக்கம் வந்துருச்சு. கையில வெச்சிருந்தது லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு முதலீட்டாளர்கள்! ஜூன்ல கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போச்சு. அங்க கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தாத்தான் பங்குதாரருக்கு. வரிசையில கடைசி ஆள் நாமதானுங்க.

அதுக்காக, புகார் வந்தாலே கம்பெனி முடிஞ்சுதுன்னும் இல்லை. 2023 ஜனவரியில ஹிண்டன்பர்க் அறிக்கை வந்ததும் அதானி பங்குகள் எல்லாம் சரிஞ்சுது. குழுமம் மறுத்துச்சு. 2025 செப்டம்பர்ல சில குற்றச்சாட்டுகளைச் செபியும் தள்ளுபடி பண்ணுச்சு. அதானி பவர் பழைய விலையைத் தாண்டுச்சு. அதானி டோட்டல் கேஸ் அந்தப் பக்கமே வரலை. ஒரே குழுமம், ஒரே அறிக்கை, ரெண்டு முடிவு.

அதனால நாலு கேள்வி கேளுங்க. குற்றம் சொல்றது யாரு, போட்டிக்காரரா, விலை இறங்குனா லாபம் பாக்கறவரா, அரசு அமைப்பா? அது வெறும் புகாரா, உத்தரவா, தீர்ப்பா? கடன் எவ்வளவு? நிறுவனர் தன் பங்கை அடகு வெச்சிருக்காரா, வித்துட்டு இருக்காரா? பதில் தெரியலைன்னா காசை எடுக்காதீங்க. 2012-ல் ஈமுக் கோழியில பட்டது போதுமுங்க.

அரசுக்கும் ரெண்டு கேள்வி இருக்கு. கார் வாங்கக் கொடுத்த கடன் காராச்சான்னு பொதுத்துறை நிறுவனங்கள் ஏன் நேரத்துக்குப் பாக்கலை? அது யாரு வீட்டுப் பணம்? எச்சரிக்க வேண்டிய செபி உத்தரவு இங்கிலீஷ்ல மட்டும் வந்தா, தாளவாடியில இருக்கிற முதலீட்டாளர் எப்படிப் படிப்பாரு? தமிழ்ல கொடுங்க! நம்ம காசு, நம்ம மொழியில கணக்குச் சொல்லுங்க!

இதை உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க தோழர்களே.

#சத்தியமங்கலம் #நம்மகாசு_நம்மகணக்கு