பிரஷரும் சமையலறை உப்பும்



1944 மார்ச் மாதக் கடைசி. அமெரிக்க அதிபர் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டை வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். விடாத இருமல். கொஞ்சம் அசைந்தாலே மூச்சு வாங்குகிறது. உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்திருக்கின்றன. ஹோவர்ட் புரூயென் என்ற இதய மருத்துவர் பிரஷரை அளந்தார்: 186-க்கு 108. இதயம் பெருத்துப்போயிருந்தது. அதுவரை அதிபரின் உடம்பைக் கவனித்து வந்தவர் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அதிபர் நன்றாகவே இருக்கிறார் என்று பத்திரிகைக்காரர்களிடம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

புரூயெனால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தார். சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார். ஓய்வெடுக்க வைத்தார். இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் என்ற மருந்தைக் கொடுத்தார். பிரஷரை நம்பிக்கையாக இறக்கக்கூடிய மாத்திரை அன்று உலகத்தில் எந்த மருந்துக்கடையிலும் இல்லை. ரூஸ்வெல்ட் அந்த நிலையிலேயே நான்காவது முறையாகத் தேர்தலில் ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், தன்னை ஓவியமாக வரைந்துகொண்டிருந்தவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோது, பின்மண்டையில் தாங்க முடியாத வலி என்றார். அப்படியே சாய்ந்தார். அப்போது அளந்த பிரஷர் 300-க்கு 190. மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவருக்கு வயது 63.

வயதாக ஆக இரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடத்தான் வேண்டும், அதில் கைவைக்கக் கூடாது என்று நினைத்த மருத்துவர்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள். 1948-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய நெடுங்கால ஆய்வுதான் அந்த எண்ணத்தை உடைத்தது. பிரஷர் ஏறியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருகின்றன என்பது அங்கே எண்ணிக்கையாகவே தெரிந்தது.

பிரஷர் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச்சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து நிரம்பும்போது மிச்சம் இருப்பது கீழ் எண். கையில் கட்டிய பட்டையில் காற்றை ஏற்றி இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ‘டக், டக்’ ஓசை தொடங்கும் இடத்தையும் மறையும் இடத்தையும் வைத்து இரண்டையும் கண்டுபிடிக்கலாம் என்று 1905-ல் சொன்னவர் நிகலாய் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ நின்றால் அது உயர் இரத்த அழுத்தம்.

“எனக்குத் தலைசுத்தல் கிறுகிறுப்பு ஒண்ணும் இல்லையே, எனக்கு எதுக்குங்க பிரஷர் மாத்திரை?” என்ற கேள்வி எந்த மருத்துவமனை வராண்டாவிலும் காதில் விழும். இந்த நோயின் வில்லங்கமே அங்குதான் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது எதையும் காட்டுவதில்லை. காட்டாமலே இதயத்தின் இடது அறையைத் தடிக்க வைக்கும், சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கும், விழித்திரையில் கசிவை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த கணக்குப்படி 30 முதல் 79 வயதுக்குள் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 128 கோடி. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

அளப்பதிலும் நாம் அவசரக்காரர்கள்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, மாடிப்படி ஏறி, மூச்சிரைக்க உட்கார்ந்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டி, பேசிக்கொண்டே அளந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில், கை இதய மட்டத்தில், வாய் மூடி. இவ்வளவு செய்தபின் வருவதுதான் கணக்கு.

இனி, பலரும் விரும்பிக் கேட்கும் இயற்கை வழிக்கு வருவோம். பிரஷருக்கு வந்த முதல் மாத்திரைகளில் ஒன்று நம் நாட்டு வேரிலிருந்து பிறந்ததுதான். சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைத் தூக்கமின்மைக்கும் சித்தப்பிரமைக்கும் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். அது பிரஷரையும் இறக்குகிறது என்று 1931-லேயே கல்கத்தாவில் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். உலகம் கவனித்தது 1949-ல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்ட பலனை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகு. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. வக்கீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆனால் அதே ரெசர்பின் சிலருக்கு மூக்கை அடைத்தது, வயிற்றைப் புண்ணாக்கியது, சிலரைக் கடும் மனச்சோர்விலும் தள்ளியது. அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. வேர் என்பதற்காக அது சாதுவாக இருந்துவிடவில்லை. இருமலுக்கு வீட்டில் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு துண்டு என்றால் பரவாயில்லை. நாள்தோறும் கஷாயமாகக் குடித்தால் அது உடம்பில் சோடியத்தைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிரஷரை ஏற்றிவிடும். பிரஷர்காரர்களுக்கு நல்லது என்று விலை கொடுத்து வாங்கும் இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம்தான் வேறு. அயோடின் சேர்க்காத இந்துப்பு என்றால் அதுவும் ஒரு நஷ்டம்.

இயற்கை வழி பலிக்காது என்று சொல்லவில்லை. நன்றாகவே பலிக்கும். மாத்திரையை அளக்கும் அதே கருவியால் அதையும் அளந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி அளந்த ஆய்வுகளில் பெரியது சீனாவில் நடந்தது. 600 கிராமங்கள், 20,995 பேர். முன்பே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய, பிரஷர் உள்ளவர்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதிப் பாதியில் முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. சமையல் மாறவில்லை, டப்பாவில் இருந்த உப்பு மட்டும் மாறியது. சுமார் ஐந்து வருடம் கழித்து 2021-ல் முடிவு வந்தது: உப்பை மாற்றியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. இறப்பும் 12 சதவீதம் குறைவு.

இதைக் கேட்டவுடன் கடைக்கு ஓட வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பொட்டாசியத்தை ஏற்றும் சில வகை பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அந்த உப்பு இதயத்துடிப்பையே குலைத்துவிடக்கூடும். டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாத உப்பு அது.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நம் சாப்பாட்டில் அது சாம்பாரிலும் ரசத்திலுமே தீர்ந்துபோகும். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், வடகம் எல்லாம் அதற்கு மேல் ஏறுகிறவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதுவும் சோடியம்தான், நாக்குக்குத்தான் கரிப்பதில்லை. வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டு நுரைக்க நுரைக்கக் குடிக்கும் பொடியும் அதே ரகம்.

1997-ல் அமெரிக்காவில் 459 பேருக்குச் சாப்பாட்டைத் தயாரித்தே கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். உப்பின் அளவை மாற்றாமல் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள், பருப்பு, கொட்டை வகைகளைக் கூட்டினார்கள். முன்பே பிரஷர் இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலை இது. நம் ஊரில் இதற்குக் கீரையும் வாழைப்பழமும் நீர்மோரும் சுண்டலும் போதும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது, பொட்டாசியம் அதில்தான் இறங்கியிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர வேக நடை, எடைக் குறைப்பு, மதுவை விடுவது ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில புள்ளிகளை இறக்கும். புகையிலையை விடுவது இதயத்துக்குச் செய்யும் நன்மையோ பிரஷர் கணக்கைத் தாண்டியது.

எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய கோளாறு. இறங்கியது மாத்திரையால்தானா, நடையாலா என்று வீட்டிலிருந்தபடி சொல்ல முடியாது. சிலருக்கு உணவும் நடையும் மட்டுமே போதும். பலருக்கு அவற்றோடு மாத்திரையும் வேண்டும். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டியவை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், மகளிர் தன்னார்வலர்களை வீட்டு வாசலுக்கே அனுப்பி பிரஷரை அளக்கிறது, மாத்திரையும் கொடுக்கிறது. ஆஸ்பத்திரி வரிசைக்குப் பயந்து மருந்தை விட்டவர்களுக்கு அந்தச் சாக்கு இப்போது இல்லை.

கடைசியாக ஒன்று. பிரஷர் 180-க்கு 120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ, திடீரெனப் பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் கைகால் தளர்வோ இருந்தால், கை வைத்தியம் எதுவும் பார்க்காமல், மறுபடி அளந்துகொண்டும் உட்காராமல், உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முகம் கோணி, கைகால் தளர்ந்தால் பிரஷர் எவ்வளவு என்று பார்க்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.