யாருடைய பேணியில் குடிப்பது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



விசுவாசமும் அன்றாட வாழ்வும் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் அதைக் குசினிக்குள் கொண்டுபோய்த்தான் பேசப்போகிறேன். அதிகநேரம் எடுக்கமாட்டேன், பின்வாங்கில் இருப்பவர்கள் ஆறுதலாக இருக்கலாம்.

விடுதியில் இருந்த காலத்தில் வேத வசனங்கள் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் 28ஆம் வசனத்தை இப்போது கேட்டாலும் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் புத்தகம் திறவாமலே சொல்லுவீர்கள். கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன் என்றோ, அடிமை, சுயாதீனன் என்றோ வேற்றுமை கிடையாது என்பது அதன் கருத்து. ஆனால் அதற்கு முந்திய அதிகாரத்தை எவரும் எங்களுக்கு மனப்பாடம் செய்யத் தரவில்லை. அதிலே ஒரு சாப்பாட்டுச் சண்டை இருக்கிறது.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டு வந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள். நல்ல மனிதரான பர்னபாவும் விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்னால் பேதுருவைக் கண்டித்தார். பேதுரு எந்த உபதேசத்தையும் மறுக்கவில்லை, கவனியுங்கள். வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்தார், அவ்வளவுதான். அந்தப் பயத்தை எங்கள் ஊரில் "சனம் என்ன சொல்லும்?" என்போம்.

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். அக்கால விடுதிகளில் எழுத்தைவிடக் கடினமான பாடம் பந்திதான்: சமைத்தது யார், பக்கத்தில் இருப்பது யார்? நூறு வருடம் கழித்து, 1930ஆம் ஆண்டளவில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற விதி வந்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. சில பாடசாலைகளுக்குத் தீயும் வைத்தார்கள். 1957இல் சட்டம் வந்தது. இதெல்லாம் மற்றவர்களுடைய பிரச்சினை என்று நாங்கள் தப்பமுடியாது. எங்கள் ஆலயங்களிலும் யார் எங்கே இருப்பது என்பது பலகாலம் எழுதாத சட்டமாக இருந்தது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மாலை தவறாமல் குடும்ப ஜெபம். விருந்தினருக்கு மூக்குப்பேணி, வீட்டாருக்கு எவர்சில்வர் பேணி. வளவு கூட்டவும் மா இடிக்கவும் வரும் அம்மாவுக்குக் கைபிடி உடைந்த ஒரு கோப்பை. அது கிணற்றடி வேலிக் கதியாலில் கவிழ்ந்திருக்கும். எவரும் அவவை ஏசியதில்லை. உடுப்புக் கொடுப்போம், நத்தாருக்குப் பலகாரம் கொடுப்போம். கோப்பை மட்டும் கதியாலில்.

நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில் அவவுடைய மகளுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவள் சோதனையில் சித்தியடைந்த அன்று என்னைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். திண்ணையில் புதுப்பாய் விரித்திருந்தது. தாய் தேத்தண்ணியை இரண்டு கையாலும் நீட்டினா. "இப்பதான் வீட்டில குடிச்சிட்டு வந்தனான்" என்றேன். பொய். அவ ஒன்றும் சொல்லவில்லை. பேணியை உள்ளே கொண்டுபோனா. அது சீனி பங்கீட்டுக்குக் கிடைத்த காலம்.

யோவான் நாலாம் அதிகாரத்தில் ஜீவதண்ணீரைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். இயேசு களைத்துப்போய்க் கிணற்றடியில் இருந்து, சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். மொள்ள அவரிடம் ஒன்றுமில்லை. ஆகவே அவளுடைய பாத்திரத்திலேதான் குடிக்கவேண்டும். அதுதான் அவளுக்குத் திகைப்பு. அவர் குடித்தாரா என்று யோவான் எழுதவில்லை. கேட்டார் என்று எழுதியிருக்கிறார். நான் எத்தனையோ கொடுத்திருக்கிறேன். கொடுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. கொடுக்கிற கை மேலேதானே இருக்கும்? அவர்களிடம் ஒரு மிடறு வாங்கத்தான் முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்குப் புறப்பட்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மழை. நாவற்குழிப் பக்கம் அடிமேல் அடி வைத்துத்தான் நகர்ந்தோம். முன்பின் தெரியாத ஒரு பெடியன் பிளாஸ்ரிக் கானை நீட்டினான். வாங்கி வாய்வைத்துக் குடித்தேன். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை. பிறகு கொடிகாமத்தில் மாதக்கணக்காக ஒரே கிணறு, ஒரே வாளி.

1996இல் திரும்பி வந்தோம். ஓடுகள் இல்லை, கதவுகள் இல்லை, கதியாலில் இருந்த கோப்பையும் இல்லை. ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் வேறொரு கோப்பை கவிழ்ந்திருந்தது. அம்மா அப்போது உயிரோடு இல்லை. வைத்தது நான்தான்.

அதை நான் எடுத்தெறிய இன்னும் சில வருடம் சென்றது. எப்படி என்று கேட்டால் சொல்லப் பெரிய கதை ஒன்றுமில்லை. ஒருநாள் அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. போன நத்தாருக்கு முதல் அந்த மாணவியைத் தேடிப் போனேன். அவளுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள். தாய் மோசம்போய்விட்டா. அவள் ஒன்றும் தரவில்லை, கேட்கவுமில்லை. நானே, "பிள்ளை, ஒரு தேத்தண்ணி தாவன்" என்றேன். கொஞ்சநேரம் என்னைப் பார்த்தாள். "அம்மா இருந்திருந்தா…" என்று தொடங்கி, முடிக்காமல் குசினிக்குள் போனாள்.

இனி ஒரு சங்க அலுவல். நூற்றாண்டு மதிய போசனத்துக்குச் சமைக்கிறவர்களும் மண்டபம் கூட்டுகிறவர்களும் வழக்கம்போலப் பின்பக்கத்தில் கடைசியாகச் சாப்பிடாமல், எங்கள் மேசைகளில் எங்களோடு கலந்திருந்து, அதே கோப்பைகளில் குடிக்கவேண்டும் என்று செயற்குழுவிடம் கேட்டேன். "பார்ப்போம்" என்றார்கள். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். நானும் பல வருடம் செயற்குழுவில் இருந்தவள். அதனால் இங்கே எல்லாருக்கும் முன்னால் திரும்பவும் கேட்கிறேன்.