குடிநீராக்கலும் திரும்பிச் செல்லும் நீரும்



மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் குடிநீருக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். 'கடல்நீரைக் குடிநீராக்கல்' என்னும் கலைச்சொல்லை இன்று ஆராய எடுத்துக்கொண்டோம். அச்சொல் எதைக் கூறுகிறது, எதைக் கூறாமல் விடுகிறது என்பதே நம் கேள்வி. ஜொகூரில் வாழும் நமக்கு இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

நெய்தல் நிலத்துத் தமிழர் கடல்நீரைப் பாத்தி கட்டித் தேக்கினர். வெயில் நீரைக் கொண்டு சென்றது; உப்பு எஞ்சியது. உமணர் அதனை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்றனர். இன்று நாம் செய்வது அதன் மறுதலை. நீரை எடுத்துக்கொள்கிறோம், உப்பைக் கடலிலேயே விட்டுவிடுகிறோம். இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளுமாறு மாணவர்களை வேண்டுகிறோம்.

இதற்குப் பெரிதும் பயன்படும் முறை எதிர்ச்சவ்வூடுபரவல். நுண்ணிய சவ்வு ஒன்றின் இருபுறமும் நன்னீரும் உப்புநீரும் இருந்தால், நன்னீர் தானாகவே உப்புநீர்ப் பக்கம் நகரும். இது இயற்கை. அந்நகர்வைத் திருப்ப வேண்டுமாயின் உப்புநீரின்மீது பேரழுத்தம் செலுத்த வேண்டும். கடல்நீருக்கு வளியழுத்தத்தைப் போல் ஐம்பது, அறுபது மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. 'எதிர்' என்னும் முன்னொட்டு அந்த உழைப்பையே குறிக்கிறது. சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் கணக்கின்படி, நீர்த்தேக்க நீரைத் துப்புரவாக்க ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 கிலோவாட் மணி மின்சாரம் போதும். கடல்நீருக்கு ஏறத்தாழ 3.5 தேவை. பதினைந்து மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது.

இவ்வளவு செலவாகும் நீரை ஏன் நாட வேண்டும்? விடை நம் அருகிலேயே உள்ளது. 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ளச் சிங்கப்பூருக்கு உரிமை உண்டு. ஆயிரம் கேலனுக்கு விலை 3 சென். அவ்வுடன்படிக்கை 2061இல் முடிவுறும். ஆற்றின் ஓட்டத்துக்குத் துணைநிற்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. மலிவான ஆற்றுநீரும் மழையை நம்பியதே என்பதை அவ்வாண்டு காட்டியது. இத்தகைய காரணங்களாலேயே சிங்கப்பூர் 2005இல் துவாசில் முதல் ஆலையைத் திறந்தது. 2013, 2018, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் மேலும் நான்கு ஆலைகள் எழுந்தன. மெரீனா கிழக்கில் உள்ள ஆலை மழைக்காலத்தில் நீர்த்தேக்க நீரையும், வறண்ட காலத்தில் கடல்நீரையும் சுத்திகரிக்கவல்லது. கடல் வற்றுவதில்லை, அதுவே இம்முறையின் பெரும்பயன்.

சென்னையும் இதே வழியில் சென்றது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும், நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் தரும் நிலையங்கள் திறக்கப்பட்டன. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோதும் அவை நீர் தந்தன. 2024இல் நெம்மேலியில் 150 மில்லியன் லிட்டருக்கு இரண்டாம் நிலையம் வந்தது. அதே வேளையில், கரை அரிப்பையும் மீன்வளக் குறைவையும் சுட்டிக்காட்டி அப்பகுதி மீனவர்கள் முறையிட்டு வந்துள்ளனர். குடத்தில் நீரைப் பெறுபவர் ஒருவர். கடலில் வலையை வீசுபவர் வேறொருவர். இருவரையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதே நேர்மை.

இனி நம் சொல்லுக்கு வருவோம். மலாய்மொழியில் இதனைப் 'பெஞாகாராமான்' என்பர். 'காராம்' என்றால் உப்பு; உப்பை நீக்குதல் என்பது பொருள். அச்சொல் நீங்கும் பொருளைப் பெயரிடுகிறது. தமிழ்ச்சொல்லோ விளையும் பொருளைப் பெயரிடுகிறது. 'கடல்நீர்ச் சுத்திகரிப்பு' என்று எழுதுவோரும் உளர். கடல் அழுக்கானது என்று கருதச் செய்வதால் அதனினும் 'குடிநீராக்கல்' மேலானது. எனினும், நீக்கிய உப்பு எங்கே போகிறது என்பதை இவற்றுள் எச்சொல்லும் கூறவில்லை.

அதற்கும் கணக்கு உண்டு. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் நாள்தோறும் 95 மில்லியன் கனமீட்டர் நன்னீர் இவ்வாறு கிடைக்கிறது. 142 மில்லியன் கனமீட்டர் செறிந்த உப்புநீர் வெளியேறுகிறது. ஒரு குடம் நன்னீருக்கு ஒன்றரைக் குடம் உவர்க்கழிவு எனலாம். அது கடல்நீரினும் கனமானது. கலக்க வழியில்லையெனில் அடியில் தங்கும். சவ்வைக் காக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்களும் அதனுடன் செல்லக்கூடும். நீரை உறிஞ்சும் குழாயில் மீன்முட்டைகளும் சிற்றுயிர்களும் சிக்குகின்றன.

நம் நீரிணையை நினைத்துப் பாருங்கள். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலம் தூண்கள்மேல் நிற்பதன்று. கற்களைக் கொட்டி எழுப்பிய கரை. கீழைக் கடல்நீரும் மேலைக் கடல்நீரும் அங்கே தடுக்கப்படுகின்றன. மேற்கே பூலாய் ஆற்று முகத்துவாரத்தில் கடற்புல் படுகைகளும் கடற்குதிரைகளும் உள்ளன. பூலாய் ஆற்றின் சதுப்புநிலக் காடு 2003 முதல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நீரிணையில் மீன்பிடித்து வாழும் செலேத்தார் பழங்குடியினரும் அங்கு உள்ளனர். ஓட்டம் குறைந்த இத்தகைய நீர்ப்பரப்பில் உவர்க்கழிவு விரைந்து கலவாது. நாளை இக்கரையில் ஆலை அமைக்கும் பேச்சு எழுந்தால், எவ்வளவு குடிநீர் கிடைக்கும் என்பதற்கு முன்னே, கழிவு எங்கே விடப்படும் என்ற வினா எழ வேண்டும்.

ஆகவே நாம் ஒரு சொல்லை முன்மொழிகிறோம். 'உவர்நீர்' என்பது கிணற்றுச் சவர்நீரையும் குறிக்கும், குழப்பம் தரும். ஆலையிலிருந்து திரும்பிச் செல்லும் நீரைச் 'செறியுவர்நீர்' எனலாம். இதனினும் நல்ல சொல் கிடைத்தால் அதனையே ஏற்போம். பெயரில்லாத ஒன்றைப் பற்றி மாணவர் வினாத் தொடுப்பது அரிது. எனவே ஒரு பெயர் வேண்டும். வகுப்பறையில் இப்பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எடுத்த நீர், தந்த நீர், திருப்பிய நீர் என மூன்று பத்தி வரைந்து கற்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கடல்நீரைக் குடிநீராக்குவதை நாம் மறுக்கவில்லை. வறட்சியில் அது உயிர்காக்கும். ஆயினும் ஆற்றைக் கெடவிட்டுக் கடலைத் தேடுவது, மலிவான நல்ல நீரை இழந்து விலைமிக்க நீரை வாங்குவதாகும். ஜொகூர் ஆற்றைத் தூய்மையாகக் காப்பதும், குழாய்க் கசிவைத் தடுப்பதும், பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்துவதும் முதற்படிகள். கடல் கடைசிப் படி. 2061இல் இவ்வவையின் மாணவர்கள் நடுவயதைக் கடந்திருப்பர். நீரைப் பற்றிய முடிவுகள் அப்போது அவர்கள் கையில் இருக்கும். மூன்று பத்திகளையும் படித்தபின் அவர்கள் முடிவெடுக்கட்டும்.