கிள்ளான் மண்ணரணும் பிரிக்பீல்ட்ஸ் செங்கலும்



முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் இதே கோலாலம்பூரில்தான் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையிலிருந்து தனிநாயகம் அடிகளார் அதை நடத்திக் காட்டினார். உலகத் தமிழாய்வுக்கே வாசல் திறந்துவிட்ட நகரம் இது. ஆனால் நம் சொந்தத் தெருக்களின் வரலாற்றைத் தமிழில் எழுதி வைப்பதில் நாம் பின்தங்கியிருக்கிறோம். இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளும் நாம் பேசப்போவது அந்தக் குறையைப் பற்றித்தான்.

பழைய ஊர்களின் மரபுரிமை என்றதும் மதில் சூழ்ந்த ஐரோப்பிய ஊர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. இத்தாலியில் மோன்தெரிஜ்ஜோனி என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஃபுளோரன்சைத் தடுத்து நிறுத்த சியேனா நகரத்தார் 1213 முதல் 1219 வரை ஒரு குன்றின் மேல் அதைக் கட்டினார்கள். சுற்றுமதில் 570 மீட்டர்தான்; அதில் 14 கோபுரங்கள். தாந்தே தம் காவியத்தில் அந்தக் கோபுரங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். 1554-இல் கோட்டை எதிரியிடம் போனது. மதில் மட்டும் அப்படியே நிற்கிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது அதே சியேனா செய்த இன்னொரு காரியம். 1309, 1310 ஆண்டுகளில் அந்நகரம் தன் சட்டத்தொகுப்பு முழுவதையும் லத்தீனிலிருந்து மக்கள் பேசும் மொழிக்கு மாற்றி எழுதுவித்தது. லத்தீன் அறியாத ஏழைகளும் பார்த்துப் படிக்க வேண்டும், அதற்காகப் பெரிய எழுத்தில், தெளிவாக எழுத வேண்டும் என்பது ஆணை. அந்நகரின் நடுச்சதுக்கத்தைப் பார்த்த வீடுகளின் சன்னல் எப்படி அமைய வேண்டும் என்றுகூட 1297-இலேயே விதி இருந்தது. இன்று அங்கே போகிறவர்கள் வியக்கும் ஒழுங்கில் அந்த விதிக்கும் பங்குண்டு. தங்கள் ஊரைப் பற்றிய எழுத்து ஊராருக்குப் புரியும் மொழியில் இருந்தது. ஊரைக் காப்பதில் கல்லுக்கு எவ்வளவு பங்கோ, அந்த எழுத்துக்கும் அவ்வளவு பங்கு என்று நான் கருதுகிறேன்.

இப்போது கிள்ளானுக்கு வருவோம்.

இங்கே கல்மதில் எழவில்லை, மண்ணரண்தான் எழுந்தது. கிள்ளானை ஆளும் பொறுப்பு சிலாங்கூர் சுல்தானிடமிருந்து ராஜா அப்துல்லாவுக்குக் கிடைத்தது. சுல்தானின் பேரரான ராஜா மகாதி, அது தம் தந்தை வகித்த பதவி, தமக்கே வர வேண்டும் என்று நின்றார். ராஜா அப்துல்லா 1857 வாக்கில் கட்டிய இரண்டு மாடிக் கிடங்கு இன்றும் நிற்கிறது. கீழே கனத்த செங்கற்சுவர், மேலே பலகை. கீழே வெள்ளீயமும் தானியமும் ஆயுதமும், மேலே குடியிருப்பு. 1857-இல் அவர் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களை ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே காய்ச்சலில் இறந்தார்கள். கோலாலம்பூரின் தொடக்கம் அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. ஆற்று முகத்தில் வரி வாங்குகிறவர் யாரோ அவர் கையில்தான் உள்நாட்டு ஈயம். கிள்ளான் போருக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1867-இல் ராஜா மகாதி ஊரைப் பிடித்தார், 1870-இல் விட்டுப் போனார். சண்டை அதன் பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. 1874-இல் பிரிட்டிஷார் உள்ளே வந்தனர். அவர்களின் ரெசிடென்ட் நிர்வாகம் 1880-இல் கோலாலம்பூருக்கு மாறும்வரை கிள்ளானில்தான் இருந்தது.

அந்த மண்ணரணில் இன்று கோத்தா ராஜா மகாதி என்ற பெயரும் ஒரு குன்றும் ஒரு நுழைவாயிலும் எஞ்சியிருக்கின்றன. தெங்கு கிளானா சாலைக்கு மாலை வாங்கவும் புடவை எடுக்கவும் வரும் நம்மில் எத்தனை பேர் அந்த மேட்டைப் பார்த்திருப்போம்? நம்மவர்கள் இல்லாத காலத்துக் கதை அது என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்கக்கூடாது. அந்தப் போரின் முடிவில் வந்த ஆட்சிதான் நம் பாட்டன் பூட்டன்களை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றியது.

பிரிக்பீல்ட்ஸின் கதையும் அதன் தொடர்ச்சியே. 1881 சனவரியில் கோலாலம்பூர் எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும்தான் என்று ரெசிடென்ட் சுவெட்டன்ஹாமின் நிர்வாகம் உத்தரவிட்டது. நகரின் தென்மேற்கில் இருந்த களிமண் நிலத்தில் சூளைகள் எழுந்தன. சீன முதலாளிகளின் சூளைகள் அவை. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளானுக்குள் போனது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. சூளை மண்ணில் ரயில்வே குடியேறியதும் நம்மவர்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார்கள். தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டார், ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் அமர்ந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்தார். ஒரே ரயில்வே, ஆனால் இரண்டு வகை வீடு, இரண்டு வகைச் சம்பளம். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் எழுப்பியது. இந்த வேறுபாட்டை மூடி மறைத்துவிட்டு ஒற்றுமை வரலாறு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரு தரப்பின் பேரப்பிள்ளைகளும் இங்கே அமர்ந்திருப்பதால்தான் இதைத் துணிந்து சொல்கிறேன்.

ஊழியர்களுக்கென்று கட்டிய நூறு குவாட்டர்ஸின் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. ரயில்வே யார்டு இருந்த இடத்தில் 2001 முதல் கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் 2014-இல் வெளியே தெரிந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அரசு தலையிட்டது, கட்டடம் தப்பியது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் முன் போய் நிற்கும்போது, இந்த இடம் எங்களுக்கு முக்கியம் என்று உணர்ச்சியாகச் சொன்னால் போதாது. எந்த ஆண்டு, யார் பணம், யார் உழைப்பு, என்ன நடந்தது என்பதற்குத் தாள் வேண்டும். ஆசிரமத்துக்குப் பெயர் இருந்தது, சிலை இருந்தது, பழைய மாணவர்கள் இருந்தார்கள். குவாட்டர்ஸில் கூலிக்காரக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்காகக் காட்ட யாரிடமும் தாள் இல்லை.

தாள் உண்மையில் இல்லையா? இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் அம்மா ஒருவர் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் காட்டிய கல்யாணப் பத்திரிகையைச் சொல்கிறேன். மஞ்சள் தடவிய ஓரம் பழுப்பேறிவிட்டது. உள்ளே மணமகனின் தந்தை பெயருக்குக் கீழே ரயில்வேயில் அவர் பார்த்த வேலை, குவாட்டர்ஸ் கதவிலக்கம், தமிழ்நாட்டில் பூர்வீகக் கிராமம், அதன் தாலுகா. கடைசி வரியில் அச்சகத்தின் பெயர், தெரு. ஒரே தாளில் ஒரு குடும்பத்தின் தொழில், இருப்பிடம், புறப்பட்ட ஊர், அன்றைய தமிழ் அச்சுத் தொழில் எல்லாம் இருக்கின்றன. அதை ஆவணக் காப்பகம் எதுவும் கேட்டு வாங்கவில்லை. கும்பாபிஷேக மலர்களின் பின்பக்கத்து உபயதாரர் பட்டியல், தோட்டத்துச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு, மரணச் சகாயச் சங்கத்தின் சந்தாப் புத்தகம், ஸ்டூடியோ முத்திரை குத்திய படம் எல்லாம் இதே வகைதான்.

1941-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் சிறிய நிகழ்ச்சி அன்று. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற முறை ஒழிய வேண்டும் என்றார்கள். போராட்டத்தை வழிநடத்திய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இவ்வளவு நடந்தும், அதைப் பற்றி இன்று நாம் படிப்பதில் பெரும்பகுதி அதை அடக்கியவர்களின் கோப்புகளிலிருந்து வருகிறது. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவரின் வீட்டில் அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இராது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அதன் பழைய இதழ்கள் ஒவ்வொன்றும் எங்கெங்கே இருக்கின்றன என்ற முழுப் பட்டியலை நாம் இனியும் தள்ளிப்போட முடியாது.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்கள் தமிழில் முழு வடிவம் ஒன்றையும் தொகுப்பு நூலுக்குக் கொடுங்கள்; சுருக்கம் போதாது. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் முதலில் படித்துத் திருத்தட்டும். அடுத்து, நேர்காணல் செய்த பெரியவர்களின் பேச்சைப் பதிவாகவே ஒப்படையுங்கள். எழுத்தில் இலக்கணம் சரியாகிவிடுகிறது, ஆனால் தோட்டத்துப் பேச்சு காணாமல் போகிறது.

மண்டபத்தின் பின்புறம் ஸ்கேனருடன் மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பெரியவர்கள் கொண்டுவந்திருக்கும் பத்திரிகை, படம், பாஸ் புத்தகம் எதுவானாலும் அங்கே கொடுங்கள். உங்கள் கண்முன்னே படியெடுத்து அப்போதே திருப்பித் தருவார்கள்; மூலத்தை யாரும் கேட்க மாட்டார்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் அமர்வு கிள்ளான் மண்ணரணைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.